கையைத் தூக்கிய பிறகும் கேட்ட தாளம்

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அண்ணி மூன்றாவது சட்டையின் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொள்ளாமல் உள்ளே வந்தார்கள். ஏதோ விபரீதம் நடந்திருக்கிறது என்று கொழுந்தனுக்கு அப்போதே பட்டுவிட்டது.

கொழுந்தன் என்றால் அண்ணிக்குக் கொழுந்தன். வயது முப்பத்தொன்று. தபால் வழியில் துப்பறியும் கலை படித்தவன். இறுதித் தேர்வுக்கு முந்தின வாரம் அந்தப் பயிற்சி நிலையமே காணாமல் போய்விட்டதால் சான்றிதழ் வாங்க முடியவில்லை. நிலையம் எங்கே போனது என்பதையும் அவனால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணியோ பதினாறு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கடைகளையும் நனைந்த கிடங்குகளையும் பார்த்து, எவர் வாயில் வருவது பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது அதையே வீட்டு முன்னறையில் செய்கிறாள். வாசல் பலகையில் ‘விசாரணைகள்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே பூதக்கண்ணாடி ஒன்றை வரைந்து வைத்தது கொழுந்தன். பார்த்தவர்கள் கண் டாக்டர் என்று நினைத்து வந்துகொண்டிருந்தார்கள்.

அண்ணி இஸ்திரியை நிறுத்தவில்லை. சும்மா உட்கார்ந்து கேட்டால் எல்லாமே நிஜம் மாதிரித் தெரிகிறது, வேலை செய்துகொண்டே கேட்டால்தான் பொய் உறுத்துகிறது என்பது அவள் கட்சி.

மருமகளின் பட்டப்பெயர் குமிழ். மின்னிசை வாசிப்பவள். மேசை மேல் ஐந்து பெட்டிகள், அவற்றில் நூற்றுப் பன்னிரண்டு குமிழ்கள். அவற்றைத் திருகித் திருகித்தான் அவள் பெயரும் அப்படியானது. நகராட்சி அரங்கில் ஒரு வருடத்துக்குச் சனிக்கிழமைதோறும் வாசிக்க அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரே நிபந்தனை, எல்லாமே மேடையில், அந்த நேரத்தில், கையால் வாசிக்கப்பட வேண்டும். போன சனிக்கிழமை முதல் கச்சேரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரங்கக் குழுவுக்கு ஒரு புகார் போனது. அவள் வாசிக்கவே இல்லை, முன்கூட்டியே பதிந்துவைத்ததை ஓடவிட்டு நாற்பது நிமிடம் கையாட்டிக்கொண்டு நின்றாள் என்று புகார். இன்று மாலை ஐந்து மணிக்குக் குழு கூடுகிறது. அதற்குள் மறுக்க முடியாவிட்டால் சனிக்கிழமைகள் போய்விடும். ‘ஏமாற்றியவர்’ என்று அரங்க வாசல் பலகையில் அவள் பெயரையும் ஒட்டுவார்கள். அப்படி ஒட்டப்பட்டவரை வேறெந்த மேடையும் ஏற்றாது.

“நீங்க வாசிச்சீங்களா?” என்று அண்ணி கேட்டாள்.

“வாசிச்சேன்.”

“சத்தியமா வாசிச்சா,” என்றாள் மாமியார். யாரும் அவளைக் கேட்கவில்லை. “எனக்கும் இவ கொட்டத்துக்கும் நடுவுல ஒரே ஒரு சுவருங்க. ரெண்டு வருஷமா தினம் ஆறு மணி நேரம். ஒரு நாள் வாசிச்ச மாதிரி மறுநாள் வாசிச்சதில்ல. வாசிச்சிருந்தா எனக்குப் பழகியிருக்கும்.”

கொழுந்தன் நோட்டில் முதல் பக்கத்தில் ‘மாமியார்’ என்று எழுதி, எதிரே ‘சத்தத்தை வெறுப்பவர்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான்.

பிறகு குமிழ் கதையை வரிசையாகச் சொன்னாள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஒத்திகை. நாற்பது நிமிடம் முழுவதும் வாசித்தாள். முப்பத்தோராவது நிமிடத்தில் கரகரவென்று ஒரு சத்தம். ஐந்து பெட்டிகளின் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கும் அவளுடைய மிக்சரிலிருந்து மேடைப் பெட்டிக்குப் போகும் இரண்டு கேபிள்களில் ஒன்று உள்ளே அறுந்திருந்தது. மேடைப் பெட்டி என்பது மேடைத் தரையில் இருக்கும், மேல்பக்கம் வரிசையாக எட்டு ஓட்டை உள்ள இரும்புப் பெட்டி. அதில் செருகுவதெல்லாம் அரங்கின் கடைசியில் சவுண்ட்காரர் சத்தத்தை ஏற்றி இறக்கும் கன்சோலுக்குப் போகும், அங்கிருந்து ஸ்பீக்கருக்குப் போகும். குமிழ் அப்போதே வேறு கேபிள் மாட்டினாள். பழையதை யாரும் தவறிப்போய் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்று பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

“அது இப்ப எங்க?”

“மாடியில கொடி கட்டியிருக்கேன்,” என்றாள் மாமியார். “நல்ல உறுதியான வயர். சனிக்கிழமை நாலு மணிக்குக் கட்டினேன். ராத்திரி வரைக்கும் மூணு போர்வை காஞ்சுது.”

அந்தப் போர்வைகளைப் பிழிய ஆள் வேண்டும் என்று மருமகளைப் பிடித்துவைத்துக்கொண்டதால், குமிழ் அரங்குக்குத் திரும்பியபோது ஆறு மணிக் கச்சேரிக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. அவளுக்கு முன் நான்கு மணிக்கு வாசித்தவர் முடித்துவிட்டுப் போயிருந்தார். கேபிள்கள் மேடைப் பெட்டியில் செருகியே இருந்தன. மறுமுனையைத் தன் மிக்சரில் மாட்டினாள், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனை மாட்டினாள், ஆரம்பித்தாள்.

“மேடையில அரங்கத்துச் சத்தம் கேக்காதா?”

“கேக்காது. எனக்கு ஹெட்ஃபோன்ல என் மிக்சர் மட்டும்தான். அரங்கத்துச் சத்தம் சுவர்ல பட்டுத் தாமதமா வரும், அதைக் கேட்டா தாளம் தப்பிடும். கால்ல மட்டும் தரை அதிர்றது தெரியும்.” சற்றுத் தயங்கினாள். “இருபத்திரண்டாவது நிமிஷத்துல ஒரு யோசனை வந்துச்சு. எல்லாத்தையும் நிறுத்திட்டு ரெண்டு கையையும் தூக்கினேன். நாலு நொடி நிசப்தம். ஒத்திகையில அது இல்ல. அப்பகூட தரை அதிர்ற மாதிரியே இருந்துச்சு. என் நெஞ்சுதான் அடிச்சுக்குதுன்னு நினைச்சேன்.”

அண்ணியின் இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் சட்டையின் மேல் நின்றது. கருகும் வாடை வந்த பிறகுதான் நகர்ந்தது. அண்ணன் அந்தச் சட்டையைப் பற்றி இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை. விசாரணை நடத்துபவளிடம் விசாரிக்க அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை.

புகார் கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். வார இதழில் இசை விமர்சனமும் எழுதுபவர். எதிரில் இருப்பவர் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டும் பேச முடியாமலும் இருக்கும் தொழில் என்பதால், தன் கருத்துகள் மறுக்க முடியாதவை என்ற நம்பிக்கை அவருக்கு இருபது வருடத்தில் உறுதிப்பட்டிருந்தது. அவருடைய மருத்துவமனையில் உட்கார வேறு இடம் இல்லாததால் கொழுந்தன் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தான். டாக்டர் பழக்கதோஷத்தில் அதைப் பின்னால் சாய்த்துவிட்டார். அதற்குப் பிறகு கொழுந்தனின் கேள்விகள் எல்லாம் கூரையை நோக்கியே போயின.

டாக்டர் நேர்மையானவர், அதுதான் சிக்கல். ஒத்திகையின்போது பின்வரிசையில் உட்கார்ந்து சட்டைப்பை ரெக்கார்டரில் பதிந்திருந்தார். கச்சேரியையும் பதிந்திருந்தார். வீட்டில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டால், இம்மி பிசகவில்லை. ஒத்திகைப் பதிவில் டாக்டரின் இருமல்கள் இருந்தன. கச்சேரிப் பதிவில் கைதட்டல் இருந்தது. அதைக் கழித்தால் நாற்பது நிமிடமும் ஒன்றே. முப்பத்தோராவது நிமிடத்துக் கரகரப்பு உட்பட.

“அந்தக் கரகரப்பு ஒண்ணு போதும்,” என்றார். “ஒரு தப்பு அதே இடத்துல ரெண்டு தடவை நடக்குமா? பதிஞ்சதை ஓடவிட்டா மட்டும்தான் நடக்கும்.”

அதோடு கைபேசியில் எடுத்த காணொளி. அண்ணி அதை மூன்று முறை பார்த்தாள். குமிழ் இரண்டு கையையும் தூக்குகிறாள்; தாளம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் அண்ணி காணொளியின் ஆரம்பத்துக்குப் போனாள். குமிழின் பத்து விரலும் தாளப் பெட்டியான டிரம் மெஷின் மேல் துள்ளுகின்றன. அரங்கில் சத்தமே இல்லை. மூன்று நொடி கழித்து இசை எங்கோ தூரத்தில் ஆரம்பிப்பது போல் மெல்ல ஏறி, முழு உயரத்துக்கு வருகிறது.

“ஒத்திகையும் இப்படித்தான் ஆரம்பிச்சுதா?”

“இல்ல. அங்க எடுத்த எடுப்புல இடி. கச்சேரியில வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருக்காங்க. இந்த ஏழு நொடிதான் வித்தியாசம்.” டாக்டர் கொஞ்சம் வெட்கப்பட்டார். அந்த ஏழு நொடியை ‘மௌனம் கண்விழித்த தருணம்’ என்று வர்ணித்து விமர்சனத்தைச் சனிக்கிழமையே எழுதிவிட்டிருந்தார். இப்போது அதைக் கிழிக்க வேண்டியிருந்தது. கிழிப்பதற்கு முன் அண்ணியிடம் ஒருமுறை வாசித்துக்காட்டினார்.

வெளியே வந்ததும் கொழுந்தன், மருமகள்தான் குற்றவாளி என்றான். தெருமுனை திரும்புவதற்குள் மாமியார் என்றான். அண்ணி, நான்கு மணிக்கு வாசித்தவரைப் பார்க்கலாம் என்றதும், அவர்தான் என்றான்.

அவரை எல்லோரும் அலமாரிக்காரர் என்பார்கள். அவருடைய வாத்தியம் ஆளுயர அலமாரி. முகப்பு முழுக்க ஓட்டைகள், ஓட்டைக்கு ஓட்டை வயர்கள், மொத்தம் நானூறுக்குப் பக்கம். ஒரு பாட்டுக்கு வயர் மாட்ட இரண்டு வாரம் ஆகும் என்பதால் வருடத்தில் இருபத்தாறு பாட்டுக்கு மேல் அவரால் வாசிக்க முடியாது. சனிக்கிழமைகள் குமிழுக்குப் போனதற்கு அதுவே காரணம். கோபம் இருந்தது, மறைக்கவும் இல்லை. ஆனால் புகாரைப் பற்றிக் கேட்டதும் முகம் சுருங்கியது.

“அவங்க ஏமாத்தமாட்டாங்க. எனக்கு அவங்க வாசிக்கிறது பிடிக்காது. அது வேற.”

குமிழின் கேபிள்களைத் தொட்டாரா என்று அண்ணி கேட்டாள். தொட்டதாகச் சொன்னார். எட்டு ஓட்டையும் அவருக்கு வேண்டியிருந்தது. வந்ததும் மேடை முன்னால் நின்று குனிந்து அவளுடைய இரண்டையும் பிடுங்கினார். இடது ஓரத்து இரண்டு ஓட்டை. ஞாபகமாக மனதில் குறித்துக்கொண்டார். வாசித்து முடித்ததும் அலமாரிக்குப் பின்னாலிருந்து முழங்காலில் ஊர்ந்துவந்து, தன்னுடையதை எல்லாம் உருவிவிட்டு, அவளுடையதை மறுபடி இடது ஓரத்து இரண்டு ஓட்டையில் செருகினார். அடுத்தவர் பொருளை இருந்த இடத்தில் வைக்காவிட்டால் தனக்குத் தூக்கம் வராது என்றார். நானூறு வயர்களோடு குடித்தனம் நடத்துபவர் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

மதியம் அரங்குக்குப் போனார்கள். ஐந்நூறு நாற்காலி, ஒரு மேடை, கடைசி வரிசைக்குப் பின்னால் தாழ்ந்த தடுப்புச் சுவர், அதற்குள் கன்சோல். சவுண்ட்காரர் ஒல்லியானவர்; கன்சோலைத் தினம் இரண்டு முறை மெல்லிய தூரிகையால் பெருக்குபவர். கொழுந்தன் பூதக்கண்ணாடியோடு மேடைப் பெட்டியின் முன்னால் மண்டியிட்டான். ஓட்டைகளின் எண்கள் எல்லாம் மிதிபட்டு மிதிபட்டு எப்போதோ அழிந்திருந்தன. அதைத் தவிர ஒரு ஹேர்பின் கிடைத்தது. அதை உறைக்குள் போட்டு ஒட்டினான். அது அண்ணியுடையது.

அண்ணி சவுண்ட்காரரிடம் தொழிலைப் பற்றிக் கேட்டாள். இப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும், மடை திறந்தது. ஒவ்வொரு ஒத்திகையையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்வாராம். இசைக்காரர்கள் போன பிறகு அதையே ஸ்பீக்கரில் ஓடவிட்டு, காலி நாற்காலிகள் நடுவே வரிசை வரிசையாக நடந்து, எந்த மூலையில் எது அதிகம், எது குறைவு என்று கேட்டுச் சரிசெய்வாராம். அதுபோக, சுவரில் பூட்டிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிவப்பு விளக்கோடு இன்னொரு ரெக்கார்டர். மேடைப் பெட்டியின் எட்டு ஓட்டையில் எது வந்தாலும் தனித்தனியாகப் பதியும். அரங்கம் திறந்தால் அதுவும் ஓடும், மூடினால் நிற்கும்.

“இருபத்திரண்டு வருஷம். இந்த அரங்கத்துல என்னால ஒரு நொடி தேவையில்லாத அமைதி வந்ததில்ல,” என்றார்.

“அமைதி வந்தா என்ன ஆகும்?”

“ஒரு நொடி யாருக்கும் தெரியாதும்மா. ரெண்டு நொடியில தலை திரும்பும். மூணாவது நொடியில ஐந்நூறு பேரும் திரும்பி என்னைப் பார்ப்பாங்க.” சொல்லிவிட்டு, ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே தூரிகையால் மறுபடி பெருக்கினார்.

குழு அவரை விசாரித்ததா என்று கேட்டாள். விசாரித்ததாம். ஸ்பீக்கருக்கு நல்ல சத்தம் போனது, அதோடு தன் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டாராம். அதற்கு மேல் குழு கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு எல்லோரும் அரங்கின் முன்வரிசையில் கூடினார்கள். குழுத் தலைவர் விதிப்புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். பலகையில் ஒட்ட வேண்டிய தாள் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டு, அதன் முனை புத்தகத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது. குமிழ் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் அவளுக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் கைப்பையை மடியில் நிறுத்தி அரண் போல உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி வாய் திறப்பதற்குள் கொழுந்தன் எழுந்துவிட்டான். அலமாரிக்காரர் பொறாமையால் கேபிளைப் பிடுங்கி, ஒத்திகைப் பதிவை அலமாரிக்குள் ஒளித்துவைத்து, அங்கிருந்தே ஸ்பீக்கருக்கு அனுப்பினார் என்று ஐந்து நிமிடம் விளக்கினான். அலமாரிக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஐந்தரை மணிக்கே அலமாரியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேனே என்றார். லாரிக்காரரும் சாட்சி. கொழுந்தன் நோட்டில் அந்தப் பக்கத்தை மெதுவாக மடித்தான்.

“உட்காரு தம்பி. பாதி சரி,” என்றாள் அண்ணி. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. சரியான பாதி எது என்று மட்டும் தெரியவில்லை.

“டாக்டர் சொன்னது முழுக்க உண்மை,” என்று அண்ணி ஆரம்பித்தாள். குமிழ் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “சனிக்கிழமை ஆறு மணிக்கு இங்க கேட்டது ஒத்திகைப் பதிவுதான். சந்தேகமே இல்ல. நான் யோசிச்சது ஒண்ணே ஒண்ணு. அதை யார், எங்க பதிஞ்சாங்க?”

டாக்டரின் ரெக்கார்டராக இருக்க முடியாது; அதில் இருமல் இருக்கிறது, அரங்கில் யாரும் ஸ்பீக்கரிலிருந்து இருமல் கேட்கவில்லை. குமிழ் தன் பெட்டிகளிலேயே பதிந்திருந்தால்? இங்கே அண்ணி ஒரு விரலைத் தூக்கினாள்.

“அப்படிப் பதிஞ்சிருந்தா கரகரப்பு இருக்காது. கரகரப்பு அவங்க பெட்டியில இல்ல. பெட்டியை விட்டு வெளிய வந்த பிறகு, கேபிள்ல உண்டானது. தண்ணியில சேறு கலந்தது குழாயிலன்னா, தொட்டியில மொண்ட தண்ணியில சேறு இருக்காதே. கேபிளுக்கு அந்தப் பக்கம் பதிஞ்சாதான் கரகரப்பும் பதியும்.”

பழைய கேபிளையே மறுபடி மாட்டியிருக்கலாமே என்று தலைவர் கேட்டார்.

“ஆறு மணிக்கு அந்தக் கேபிள்ல மூணு போர்வை தொங்கிட்டிருந்துச்சுங்க,” என்றாள் மாமியார். “பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்தாங்க. கேட்டுப் பாருங்க.”

தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். போர்வை பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அண்ணி தொடர்ந்தாள். கேபிளுக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒன்றே ஒன்று. இன்னும் ஒன்று, ஆரம்பத்து ஏழு நொடி. சத்தம் மெல்ல ஏறுகிறது. ஏற்ற ஒரு கை வேண்டும். காணொளியில் குமிழின் இரண்டு கையும் டிரம் மெஷின் மேல் இருக்கின்றன. அப்படியானால் ஏற்றியது வேறொருவர் கை. மூன்று நொடி காத்திருந்து, அதற்கு மேல் தாங்க முடியாமல் ஏற்றிய கை.

யாரும் சொல்லாமலே எல்லாத் தலையும் பின்னால் திரும்பின. முன்வரிசையில் இடமிருந்தும் சவுண்ட்காரர் கன்சோலுக்குள்தான் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் பயந்துகொண்டிருந்த அந்தத் திரும்பல் ஒருவழியாக நடந்துவிட்டது. மொத்தம் ஏழு தலைதான் என்றாலும்.

“விளக்கு எரியலம்மா,” என்றார். குரல் மெல்லியதாக வந்தது. “அவங்க வாசிக்க ஆரம்பிச்சாங்க. ஒண்ணாம், ரெண்டாம் ஓட்டைக்கு உண்டான விளக்கு எரியணும். எரியல. சத்தம் இல்ல. ரெண்டு நொடி ஆச்சு. முன்னாடி ஒருத்தர் கழுத்து அசைஞ்சுது. ஒத்திகை கம்ப்யூட்டர்ல தயாரா நின்னுச்சு. கை தானா போயிடுச்சு.”

“எரியாததுக்குக் காரணம் இருக்கு,” என்றாள் அண்ணி. “இவர் பிடுங்கினது முன்னாடி நின்னு, இடது ஓரம். திரும்பச் செருகினது பின்னாடியிலிருந்து, இடது ஓரம். ஆள் திரும்பினா இடது பக்கமும் திரும்பிடும். ஒண்ணுலயும் ரெண்டுலயும் இருக்க வேண்டியது ஏழுக்கும் எட்டுக்கும் போயிடுச்சு.”

அலமாரிக்காரர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் இன்னும் கீழே இறங்கினார்.

சவுண்ட்காரர் மிச்சத்தையும் சொன்னார். வழக்கமாகக் கச்சேரிக்கு முன் எல்லா ஓட்டையையும் ஒருமுறை சோதிப்பார். அன்று இருந்த ஐந்து நிமிடத்தில் அதற்கு நேரமில்லை. இருபதாவது நொடியில் ஏழாம், எட்டாம் ஓட்டைகளின் விளக்குகள் துள்ளுவதைப் பார்த்துவிட்டார். அதற்குள் ஜனங்கள் தலையாட்ட ஆரம்பித்திருந்தார்கள். வாசிப்பதும் கேட்பதும் வேறு வேறு இடத்தில் இருந்தன. நடுவில் மாற்றினால் ரயில் தண்டவாளம் தாண்டியது போல் குதிக்கும். அடுத்த நிமிடம் மாற்றலாம், அதற்கடுத்த நிமிடம் மாற்றலாம் என்று நாற்பது நிமிடம் போய்விட்டது. அவள் கையைத் தூக்கியபோது தான் செத்தே போய்விட்டதாகச் சொன்னார். யாருக்கும் தெரியாது என்று நினைத்தார். தெரியவும் இல்லை, டாக்டர் ஒருவரைத் தவிர. ஐந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் விளக்கம்தானே, அவள் வாசித்தாள் என்பதற்கு நிரூபணம் எங்கே என்றார். யாருக்கும் கேட்காத இசையை வாசித்ததாக யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தாளின் முனை இன்னும் புத்தகத்துக்கு வெளியேதான் இருந்தது.

அண்ணி கன்சோல் பக்கம் திரும்பினாள். “பூட்டின ரெக்கார்டர்ல ஏழும் எட்டும் பதிஞ்சிருக்கணும். அழிச்சிட்டீங்களா?”

அரங்கில் தேவையில்லாத அமைதி வந்தது. மூன்று நொடிக்கு மேலேயே இருக்கும்.

“அழிக்கத்தான் ஞாயித்துக்கிழமை வந்தேன்,” என்றார் சவுண்ட்காரர். “அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டேன். அப்புறம் மனசு வரல. ஒத்திகையை விட ரொம்ப நல்லாயிருந்துச்சு.”

குமிழ் அழவில்லை. ஹெட்ஃபோன் இல்லாத காதைத் தடவிக்கொண்டாள்.

காணொளியின் சத்தத்தை அணைத்து, ரெக்கார்டரின் ஏழையும் எட்டையும் அதோடு சேர்த்து ஓடவிட வேண்டும். இரண்டையும் ஒரே நொடியில் தொடங்கும் பொறுப்பு கொழுந்தனுக்குக் கிடைத்தது. பட்டனை அமுக்குவது ஒரு வேலையா என்று காலையில் மனதுக்குள் நினைத்தவன்தான். முதல் முறை அரை நொடி முந்தினான். இரண்டாம் முறை பிந்தினான். மூன்றாம் முறை தவறான பட்டன். நான்காம் முறை நெற்றியில் வியர்வையோடு சரியாக அமுக்கினான். குமிழின் விரல் விழுந்தது, இடி விழுந்தது. விரலும் இடியும் ஒன்றாகவே போய்க்கொண்டிருந்தன.

இருபத்திரண்டாவது நிமிடம் வந்தது. திரையில் இரண்டு கைகள் மேலே போயின. அரங்கில் எல்லாம் நின்றது. நான்கு நொடி. இருமல் பழக்கமுள்ள டாக்டர்கூட இருமவில்லை. கைகள் இறங்கின, தாளம் அவற்றோடு இறங்கியது.

நிரூபணத்துக்கு அவ்வளவு போதும். தலைவர் தாளை உருவி, நான்காகக் கிழித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சவுண்ட்காரர் நடந்ததைத் தன் கையாலேயே எழுதி வாசல் பலகையில் ஒட்டவேண்டும் என்றார். அவர் வேலையைப் பற்றியும் ஏதோ சொல்லத் தலைவர் வாயெடுத்தார். அவர் பதிவை அழித்திருந்தால் நான் இன்றைக்கு என்ன ஆகியிருப்பேன் என்று குமிழ் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். டாக்டர் நோட்டை எடுத்து விமர்சனத்தைப் புதிதாக எழுத ஆரம்பித்தார். யாரும் பதிவை நிறுத்தச் சொல்லவில்லை. அண்ணி மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மிச்சச் சட்டைகளை நினைத்திருக்க வேண்டும், ஆனாலும் எழவில்லை.

முப்பத்தோராவது நிமிடம் கரகரப்பு இல்லாமல் போனது. நாற்பதாவது நிமிடத்தில் கடைசிச் சத்தம் மெல்லத் தேய்ந்து முடிந்தது. ஒரு கணம் கழித்து அலமாரிக்காரர் கைதட்ட ஆரம்பித்தார். அடுத்தது தலைவர், டாக்டர், கொழுந்தன். பதிந்ததை ஓடவிட்டாள் என்று ஒருத்தியை விசாரிக்கக் கூடியவர்கள் அத்தனை பேரும் எழுந்து, மேடையின் இரண்டு பக்கமும் இருந்த ஸ்பீக்கர்களைப் பார்த்து ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

குமிழும் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கச்சேரியை அரங்கில் உட்கார்ந்து அவளும் இப்போதுதான் கேட்கிறாள். மாமியார் கைப்பையால் அவள் முழங்கையை இடித்தாள்.

“நீ ஏன் தட்டறே? எந்திரிச்சு மேடையில போய் நில்லு. பெட்டியைப் பார்த்துத் தட்டிட்டிருக்காங்க பாரு.”